தெருவே தூங்காமல் இருக்கும்போது

வாசகி கேள்வி:

நான் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஆற்றில் இறால் பிடிப்பவர். முதுநிலை உளவியல் படித்துவிட்டு, தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் மனநல மையத்தில் நான்கு ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வாயு கசிந்த இரவுக்குப் பிறகு, எங்கள் தெருப் பெண்கள் பலர் இன்றுவரை சரியாகத் தூங்குவதில்லை. மூன்று பேர் என்னிடமே தனித்தனியாக ஆலோசனைக்கு வந்தார்கள். மூவரும் சொன்னது ஒரே கதை. மூவரும், ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்றார்கள். இவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது. ஊர் மண்டபத்தில் மனநல விழிப்புணர்வு முகாம் வைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் என் சொந்தக்காரர்கள். என் மேலதிகாரி, ‘நம் வேலை அறைக்குள்தான்; வெளியே போனால் அரசியல் ஆகிவிடும்’ என்கிறார். இதற்கிடையில், இந்தப் பகுதி ஆலை ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியில் மன அழுத்தம் குறைக்கும் முகாம் நடத்தித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் செய்ய நினைப்பது முறையா? எங்கிருந்து தொடங்குவது? அந்தப் பணத்தை வாங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். ‘எனக்கு மட்டும்தான் இப்படி.’ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருக்கும் மூன்று பெண்கள், ஷேர் ஆட்டோ ஏறித் தண்டையார்பேட்டை வரை வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் உங்களிடம் சொன்ன வார்த்தை அது. தண்ணீர் லாரி வந்தால் ஒன்றாகக் குடம் வைப்பவர்கள். ஒரு வீட்டு மீன் குழம்பு கிண்ணத்தில் அடுத்த வீட்டுக்குப் போகும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து காற்றை முகர்ந்து பார்ப்பதை மட்டும் அடுத்த வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் செய்ய நினைப்பது முறையா என்று கேட்டீர்கள். முறைதான். உங்களைப் போல அந்த மூன்று கதைகளையும் கேட்டவர் வேறு யாரும் இல்லாதபோது, அது உங்கள் கடமையும்கூட. எப்படிச் செய்வது என்பதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

இராயபுரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆலோசனை வழங்கிவருகிறேன். உங்கள் பக்கத்திலிருந்து என்னிடமும் ஒருவர் வந்தார். அவருடைய அனுமதியோடு, அடையாளத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். அவர் வீட்டு வாசற்கதவின் உட்பக்கம் ஓர் ஆணி. அதில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ரேஷன் அட்டை, ஆதார், நகை அடகு வைத்த சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள். பையின் மேல் ஒரு துண்டு. படுக்கப் போகுமுன் அந்தத் துண்டை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். வாசலில் நான்கு ஜோடிச் செருப்புகள், தெருவைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். பெரிய மகள் கழற்றி எறிந்ததை இவர் எடுத்துத் திருப்பி வைப்பார். ‘இது கிறுக்குத்தனமா மேடம்?’ என்று கேட்டார். அமோனியா தண்ணீரில் கரையும் வாயு. நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டால் வெளியே ஓடும் வரைக்காவது தாங்கும். யாரோ ஓடும்போது கத்திச் சொன்னதை அந்த இரவில் அவர் கற்றுக்கொண்டார். அதை மறக்காமல் வைத்திருக்கும் ஒரு தாயை எந்த நோயின் பெயரால் நான் அழைப்பது?

அந்த டிசம்பரைத் தள்ளி இருந்து பார்த்த வாசகர்களுக்காக ஒரு நினைவூட்டல். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படகு, வலை, அலையாத்திச் செடி என்று எல்லாவற்றிலும் அப்பியது. அதைத் துடைத்து முடிப்பதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவு நேரத்தில், கப்பலிலிருந்து ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிய, தொண்டை அடைக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். டிசம்பர் 26 சுனாமி வந்த தேதி. 2004-இல் தண்ணீருக்குப் பயந்து ஓடியவர்களில் எத்தனையோ பேர், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே தேதியில் காற்றுக்குப் பயந்து ஓடினார்கள்.

இதற்குப் பிறகு ஒரு தெரு அரைத் தூக்கத்தில் கிடக்கிறது என்றால், இருபது பேருக்குத் தனித்தனியாகப் பதற்ற நோய் வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆலைகள் அங்கேயே இருக்கின்றன. பயத்துக்குக் காரணம் வெளியே இருக்கும்போது, மூச்சுப் பயிற்சியை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பினால், கோளாறு உன் தலைக்குள் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். ஒருவரை மட்டும் உட்கார வைத்துப் பேசும் அறையின் குறை அது. அறையை நான் பழிக்கவில்லை; என் வாழ்க்கையே அந்த அறைதான். அங்கே ஆறாத காயங்கள் ஆறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊருக்கே வந்த ஒன்றை ஒவ்வொருவராகத் தனியே சுமக்க வைப்பது அந்தச் சுமையை இன்னும் கூட்டுகிறது.

உங்கள் முகாமுக்கு வருகிறேன். ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்று நீங்கள் கலங்க வேண்டாம். பதாகையில் ‘மனநல விழிப்புணர்வு’ என்று எழுதியிருப்பீர்கள். நம் பக்கத்தில் மனநலம் என்றாலே மக்கள் காதில் விழுவது ‘கீழ்ப்பாக்கம்’. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனையின் நிழல் அவ்வளவு நீளம். அதோடு, விழிப்புணர்வு என்றால் என்ன பொருள்? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது, எழுப்ப வந்திருக்கிறேன் என்பதுதானே? இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை எதற்கு எழுப்புவது?

இதே தவற்றை நான் இதைவிடப் பெரிதாகச் செய்திருக்கிறேன். 2005-இல், சுனாமிக்குச் சில வாரங்கள் கழித்து, காசிமேட்டில் கேள்வித்தாளோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி. மணலில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வலையின் ஓர் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். ஊசி கண்ணி கண்ணியாக ஏறி இறங்கியது. தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா — இருபது கேள்விகளுக்கும் தலை நிமிராமல் பதில் சொன்னார். நான் தாளை மடித்தபோதுதான் நிமிர்ந்தார். ‘ஏம்மா, இதில் படகைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையே?’ என்றார். அவருடைய தூக்கம், பசி, வாழும் ஆசை மூன்றுமே அந்தப் படகோடு போயிருந்தன. அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அரசியல் என்ற சொல்லுக்கு வருவோம். வட சென்னையில் நின்றுகொண்டு, மக்கள் ஒன்றுசேர்வதைக் கண்டு பயப்படுவது எனக்குப் புரியவில்லை. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி. பி. வாடியா, திரு.வி.க. பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொடக்கம் அவர்களிடம் இல்லை. பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளுக்கு அருகில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் செய்தது ஒரு காரியம்: கடைக்கு வந்த தொழிலாளர் சொன்னதைக் கேட்டார்கள். சாப்பிட விடும் இடைவேளை போதவில்லை, அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் தன் தலைவிதியாகச் சொன்னதை, எல்லோருக்கும் பொதுவான ஒன்றாக அந்த இருவரால் பார்க்க முடிந்தது. பத்துப் பேர் வந்து ஒரே குறையைச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது முதலில் தெரியும். அன்றைக்கு அது ஒரு கடை. இன்றைக்கு உங்கள் ஆலோசனை அறை. அமைதியாகக் கூடவும் சங்கம் அமைக்கவும் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது என்பதையும் மேலதிகாரியிடம் மரியாதையாகச் சொல்லலாம். அவர் பயப்படுவதில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? இதற்கு நான் அதிகம் கற்றது பிரேசில் நாட்டு மனநல மருத்துவர் அடல்பெர்டோ பாரெட்டோவின் அனுபவத்திலிருந்து. ஃபோர்டலேசா நகரத்தில் பிராம்பு என்று கடலோரக் குடிசைப் பகுதி. அவருடைய தம்பி அங்கே ஏழைகளுக்காக வழக்காடும் வழக்கறிஞர். தன்னிடம் வருபவர்களில் மனம் உடைந்தவர்களை அண்ணனிடம் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவருக்கும் மாத்திரை எழுதி முடியாது என்று கண்ட பாரெட்டோ, 1987-இல் தானே அந்தப் பகுதிக்குப் போய் மக்களோடு வட்டமாக உட்கார்ந்தார். அந்த வட்டத்துக்குச் சில விதிகள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. ‘நான்’ என்றுதான் பேச வேண்டும். ‘நீ’, ‘அவர்கள்’, ‘உலகம்’ என்று பேசக் கூடாது. அறிவுரை கிடையாது, பிரசங்கம் கிடையாது. இடையில் யாருக்காவது ஒரு பழமொழியோ பாட்டோ தோன்றினால் சொல்லலாம், பாடலாம். வந்தவர்கள் ஆளுக்கொரு கவலையைச் சொல்ல, அன்றைக்கு எதைப் பற்றிப் பேசுவது என்று கூட்டமே கைதூக்கித் தேர்ந்தெடுக்கும். அதன் பிறகு நடத்துபவர் கேட்பது ஒரே கேள்வி: ‘இதுபோல ஒன்று இங்கே யாருக்கு நடந்திருக்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள்?’

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உனக்கு என்ன கோளாறு’ என்று அது கேட்கவில்லை. ‘நீ எப்படித் தாங்கினாய்’ என்று கேட்கிறது. தாங்கிய கதை எல்லோரிடமும் இருக்கும். நனைத்த துண்டின் கதை வெளியே வரும். அதைக் கேட்டதும் இன்னொருத்தி, ‘நானும்தான் அக்கா’ என்பாள். அந்த ‘நானும்தான்’ என்ற சொல்லுக்காகத்தான் இவ்வளவு பாடும். பிராம்புவில் தொடங்கிய இந்த வழிமுறை இன்று பிரேசிலின் பொதுச் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட ஒன்று. நடத்துபவர்களில் மருத்துவம் படிக்காதவர்களும் ஏராளம்.

நம் ஊருக்கு இதை அப்படியே பெயர்த்து நட வேண்டாம். உங்கள் தெருவில் பெண்கள் ஏற்கெனவே எங்கே உட்கார்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மீன் விற்றுவிட்டு அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் வருவதற்கு முன், ஒரு மணி நேரம் கிடைக்குமே, அந்த நேரம். கோயில் திண்ணையா, வேப்பமரத்தடியா, யார் வீட்டு வாசலா, அந்த இடம். மண்டபம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். நாற்காலி போட்டால் வரிசை வந்துவிடும், வரிசை வந்தால் மேடை வந்துவிடும். பாய் போதும். அழைப்பதும் நீங்களாக இருக்க வேண்டாம். எந்தத் தெருவிலும் பிரசவத்துக்கும் சாவுக்கும் முதலில் கூப்பிடப்படும் ஓர் அம்மா இருப்பார். அவரிடம் போய், ‘ராத்திரியில் தூக்கம் இல்லை என்று நம் தெருவில் பேசிக்கொள்கிறார்களே, உங்களுக்கு எப்படி?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அரை மணி நேரம் கேளுங்கள். அவருக்குத் தோன்றினால் அவரே நாலு பேரைக் கூட்டுவார். தோன்றாவிட்டால், உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். ஊர் நிர்வாகிகளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம் குப்பங்களில் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனால் பழியெல்லாம் பெண்கள் மேல்தான் விழும்.

கையில் திட்டம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குடும்ப சிகிச்சை கற்பித்த வில்லியம் டோஹர்ட்டி இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: வல்லுநர் தயாரித்த திட்டத்தோடு தொடங்கினால், அது கடைசிவரை மக்களுடையதாக ஆகாது. அவரைச் சார்ந்தவர்கள் அங்கே பூர்வகுடி மக்களோடு சேர்ந்து சர்க்கரை நோய்க்காக ஒரு கூடுகையைத் தொடங்கியபோது, மூத்தவர்களோடு பேசிப் பேசித்தான் அதன் வடிவம் வந்தது. குடும்பம் குடும்பமாக வந்து, ஒருவருக்கொருவர் சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டு, சேர்ந்து சாப்பிட்டு, பேச வேண்டியதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவம் தெரிந்தவர்கள் கேட்டால் பதில் சொல்லும் இடத்தில் இருந்தார்கள். உங்கள் இடமும் அதுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த இரவில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராக விவரமாகச் சொல்ல வைக்காதீர்கள். பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிற்காலத் துன்பத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியபின் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. தானாக வருவதைக் கேளுங்கள், தோண்டாதீர்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருப்பவரே தோளைத் தொடுவார், நீங்கள் எழுந்து ஓட வேண்டாம்.

கோபம் வரும். உறுதியாக வரும். நாம் கற்ற கல்வி, கோபத்தைக் கண்டால் உடனே தணிக்கச் சொல்லும். தணிக்காதீர்கள். போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 வாயுக் கசிவுக்குப் பின் அங்கே மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். அது தேவையான வேலை, நல்ல வேலை. ஆனால் நான் வியப்பது அங்கிருந்த பெண்களை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று நடந்த தையல் மையங்களை மூடியபோது, வேலை கேட்டுத் திரண்டவர்கள் 1986-இல் அமைப்பாகவே ஆனார்கள். சனிக்கிழமைதோறும் ஷாஜஹானி பூங்காவில் கூடினார்கள். அவர்களோடு கடைசிவரை நின்ற அப்துல் ஜப்பார் 2019-இல் இறந்தார். எத்தனை சனிக்கிழமைகள்! இழப்பீடும் மருத்துவமும் வேலையும் கேட்பதற்காகக் கூடிய இடம் அது. ஆனால் கணவனை இழந்தவளும் கண் மங்கியவளும் வாரம் ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த இடமும் அதுதான். எது போராட்டம், எது ஆறுதல் என்று அங்கே கோடு கிழிக்க யாராலும் முடியாது என்று நினைக்கிறேன்.

இனி, உங்கள் மேலதிகாரியின் பயத்தில் இருக்கும் நியாயம். அந்த மூன்று பெண்கள் உங்கள் நோயர்கள். அவர்களை நீங்களே ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைத்தால், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், அது நம்பிக்கைத் துரோகம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 23-ஆவது பிரிவு காக்கும் இரகசியத்தை உடைப்பதும் ஆகும். அழைப்பு தெரு முழுவதற்கும் இருக்க வேண்டும். அவர்கள் வந்தால், மற்றவர்களைப் போல வந்திருக்கிறார்கள். அறையில் கேட்டது எதுவும் உங்கள் கண்ணில்கூடத் தெரியக் கூடாது. இன்னொன்று: உங்கள் தெருக்காரர்களுக்கு நீங்களே சிகிச்சை தருவது இனி சரிப்படாது. அவர்களிடம் பேசி, மெதுவாக வேறொரு ஆலோசகரிடம் மாற்றிவிடுங்கள். ஒரே ஆள் அண்டை வீட்டுப் பெண்ணாகவும் சிகிச்சையாளராகவும் கூட்டத்தில் உட்காருபவராகவும் இருந்தால், அந்தப் பெண்கள் எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று குழம்பிப்போவார்கள்.

இதை நான் ஒருமுறை கிட்ட இருந்து பார்த்தேன். கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து சில தாய்மார்கள் வெவ்வேறு நாட்களில் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய மகன்களும் வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ‘என் வளர்ப்புதான் தப்பு’ என்று ஒவ்வொருவரும் அழுதார்கள். யாரிடமும் மற்றவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பகுதியிலிருந்த ஒரு படிப்பகத்தில், வெள்ளிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்பும் யாரும் வரலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் நானும் படிப்பகத்தைப் பூட்டித் திறக்கும் பெரியவரும் மட்டும். மூன்றாவது வாரம் ஒருவர். ஐந்தாவது வாரம் வாசலில் என்னிடம் வருகிற இரண்டு பேர் எதிரெதிரே சந்தித்து, ‘நீ எங்கே இங்கே?’ என்று திகைத்து நின்றார்கள். அடுத்த சில மாதங்களில் அவர்கள் எடுத்த முடிவு எதுவும் எனக்குத் தோன்றியிராதது. போதைக்கு எதிரான கூட்டம் வேண்டாம் என்றார்கள். பையன்கள் உட்காரும் சந்தில் தெருவிளக்கு எரிவதில்லை, அதைக் கேட்போம் என்றார்கள். மாநகராட்சி அலுவலகத்துக்கு நாலைந்து நடை நடந்தார்கள். விளக்கு வந்தது. பிறகு படிப்பகத்தை இரவு ஒன்பது வரை திறந்து வைத்து, உள்ளே கேரம் பலகை போட்டார்கள். எல்லாப் பையன்களும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஒருவனை இழந்தோம். அவன் தாயார் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வெள்ளிக்கிழமை வந்து பாயில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்தவர் தேநீர் டம்ளரைத் தன் முந்தானையில் பிடித்து ஆற்றிக் கொடுத்தார்.

சிலருக்குப் பாய் போதாது; அறை வேண்டும், மருந்தும் வேண்டும். சாப்பாடு நின்றுபோனவர், செத்துவிடலாம் என்று பேசுபவர், இல்லாத குரல் கேட்பவர், குடியில் மூழ்கியவர் — இவர்களைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டான்லி மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் நமக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவி அது, எந்நேரமும் தமிழில் பேசலாம். இருமலும் கண் எரிச்சலும் தொடர்ந்தால் அது நெஞ்சக மருத்துவரும் கண் மருத்துவரும் பார்க்க வேண்டியது. பயத்தால் வருகிறது என்று நாம் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகக் கூட்டத்தில் தெரியவந்தால், காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். ‘இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது’ என்று முதல் நாளே முழு வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள்; இந்த விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆலைப் பணம். வாங்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த ஆலை கசிவோடு தொடர்பு உடையதா இல்லையா என்றுகூட நான் கேட்க மாட்டேன். உங்கள் தெரு எந்தக் காற்றுக்குப் பயந்து விழித்திருக்கிறதோ, அந்தக் காற்றில் பங்கிருப்பவர் காசில் ‘மன அழுத்தம் குறைப்போம்’ என்று நீங்கள் நின்றால், உங்கள் படிப்பு முழுவதும் அந்தப் பெண்களை வாய்மூட வைக்கும் கருவியாகிவிடும். அப்புறம் எந்தப் பாயில் போய் உட்கார்ந்தாலும் நீங்கள் ஆலைக்காரர் அனுப்பிய பெண்தான். தேநீருக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் போதும். அந்தப் பத்து ரூபாய் கூட்டத்தை அவர்களுடையதாக்கும்.

நீங்கள் தலைவி ஆகாதீர்கள். பத்திரிகையாளர் வந்தால் நீங்கள் பேச வேண்டாம். மனு எழுதக் கேட்டால் அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள். ‘உளவியல் பாதிப்பு’ என்று திருத்தாதீர்கள், ‘ராத்திரி கண் மூட முடியவில்லை’ என்றே இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வாசனை, அப்போது வீசியது வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று ஒரு நோட்டில் குறிக்க அவர்களுக்குத் தோன்றினால், நோட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். எந்தக் காற்றில் எந்தப் பக்கத்து நாற்றம் வரும் என்பது உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். என் பட்டங்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்களை யாரும் தனக்கென்று பிடித்துக்கொள்ளாமல், உரிமை உள்ள குடும்பங்கள் முறை வைத்து வலை போடுவார்கள். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது. இருபது வீட்டில் இருபது பெண்கள் இரவு முழுவதும் காது கொடுத்துக் கிடக்கிறார்கள். முறை வைத்து இரண்டு பேர் மட்டும் விழித்திருந்தால், மற்ற பதினெட்டுப் பேர் தூங்கலாமே? இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கூட்டத்தில் சொல்லாதீர்கள். நான்காவது வாரமோ பத்தாவது வாரமோ அவர்களே இதைச் சொல்லலாம். இதைவிட நல்ல ஒன்றையும் சொல்லலாம். நாம் நினைத்தே பார்க்காத, குழாய் போகும் வழியைப் பற்றிய ஒரு கேள்வியோடு ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிளம்பவும் செய்யலாம்.

முதல் கூடுகை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டாம். யார் முதலில் வாய் திறந்தார், அவர் சொன்னது என்ன, அதற்குப் பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதை மட்டும், பெயர் இல்லாமல், அவர்கள் அனுமதித்தால், எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா